முறியாமல் ஓய்ந்துபோன வில்: மூன்றடுக்கு நீள்வில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முறிந்த வில்லில் காரணம் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. சிராய் எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இங்கே பேசப்போகும் வில் முறியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் செய்து முடித்தபோது 28 அங்குல இழுப்புக்கு 52 பவுண்டு காட்டிய வில், சில மாதம் எய்த பிறகு 43 பவுண்டுதான் காட்டியது. நாணைக் கழற்றி வைத்தாலும் நாண் பக்கமாக வளைந்தே நின்றது. செய்தவர் என் நண்பர். மரவேலை தெரிந்தவர், கை சுத்தம். "பசைதான் ஏமாத்திடுச்சு" என்பது அவர் முடிவு. வில்லை அறுத்துப் பார்க்க அவரே சம்மதித்ததால் இந்த ஆய்வு சாத்தியமாயிற்று.

முதலில் வில்லின் அமைப்பு. நாணை மாட்டும் முனைப் பள்ளங்களான நாண்காதுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 72 அங்குலம், அதாவது சுமார் 183 சென்டிமீட்டர். மூன்று அடுக்கு. முதுகில், எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முகத்தில், 5 மில்லிமீட்டர் மூங்கில் பட்டை. நடுவில் 5 மில்லிமீட்டர் மேப்பிள். வயிற்றில், அதாவது எய்பவரைப் பார்த்த முகத்தில், ஆஷ் மரம். பசை யூரியா ஃபார்மால்டிஹைடு வகைத் தூள், தண்ணீரில் கலந்து பூசுவது. ஒட்டும்போது அச்சில் (அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கும் வளைந்த கட்டை) 20 மில்லிமீட்டர் எதிர்வளைவு, அதாவது நாணுக்கு எதிர்ப்பக்கம் வளைவு, கொடுத்திருந்தார். குறுக்கு வெட்டு ஆங்கிலேய நீள்வில் பாணியில் முதுகு தட்டை, வயிறு நன்றாக உருண்டது. ஆங்கில எழுத்து டி-யைக் கவிழ்த்து வைத்த மாதிரி.

மூங்கிலை முதுகில் வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் பலரும் சொல்வதுதான்: வில் முறிவது முதுகில், ஆகவே முதுகில் எவ்வளவு பலமான பொருளை வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. மூங்கில் இழுவிசைக்கு அபாரமானது. தண்டின் வெளித்தோலை நெருங்க நெருங்க நார்க்கற்றைகள் அடர்த்தியாக இருக்கும், அந்தத் தோல்பகுதியை அப்படியே முதுகாக வைத்துவிட்டால் சிராய் கிளம்புவது அரிது. எல்லாம் சரி. அதனால்தான் கூடுதல் பாதுகாப்புக்காகப் பட்டையை 5 மில்லிமீட்டர் தடிமனாகவே விட்டிருந்தார். இந்த வில்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது சொல்லிவிடலாம். ஆனால் அதை நிரூபிப்பதற்கு முன் மற்ற சந்தேகங்களைக் கழித்துக் கட்ட வேண்டியிருந்தது.

வில் என்ன சொல்கிறது

வில்லைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு நீளத் தாளில் அதன் முதுகுக் கோட்டை வரைந்தோம். முனைகள் கைப்பிடி மட்டத்திலிருந்து 65 மில்லிமீட்டர் நாண் பக்கம் சாய்ந்திருந்தன. இப்படி ஓய்விலும் திரும்பாமல் தங்கிவிடும் வளைவைத்தான் வில்காரர்கள் செட் என்கிறார்கள். மர வில்லில் கொஞ்சம் செட் வருவது இயல்பு. 25 மில்லிமீட்டர் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 65 அதிகம். அதிலும் 20 எதிர்வளைவில் தொடங்கிய வில் என்பதால், மொத்தத்தில் முனை 85 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது.

எவ்வளவு செட் என்பதைவிட எங்கே செட் என்பதுதான் முக்கியம். வரைபடத்தில் மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாதிகளை லிம்ப் என்பார்கள்) சீரான ஒரு மெல்லிய வில்லாக வளைந்திருந்தது. கீழ் லிம்பில், கைப்பிடியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு முழங்கை, அதாவது அந்த ஓரிடத்தில் மட்டும் அதிகமாக மடங்கிய வளைவு. மற்ற இடங்களில் மிதமான வளைவு.

அந்த இடத்து வயிற்றை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் குறுக்கே தலைமுடி மாதிரி நெரிவுக் கோடுகள். மர நார்கள் அமுக்கம் தாங்காமல் மடங்கிப்போன தழும்புகள் அவை. விரல் நுனியால் தடவினால் மிக லேசாக மேடு தட்டும். கீழ் லிம்பின் முழங்கையில் நெருக்கமாக இருந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் 'டில்லரிங் (வில் சீராக வளையும்படி இழுத்துப் பார்த்துச் சீவும் வேலை) சரியில்லை, ஓரிடம் மெலிந்துவிட்டது' என்று வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் மேல் லிம்பிலும் கோடுகள் இருந்தன. மங்கலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் லிம்பின் நடுப்பகுதி நெடுக. வளைவு அழகாக அமைந்த லிம்பும் நெரிந்திருக்கிறது என்றால், முழங்கை மட்டுமே குற்றவாளி இல்லை.

பசைக்கு விடுதலை

நண்பரின் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். பசை நழுவி செட் வருவது உண்மையிலேயே நடக்கும். வெள்ளைப் பசை, மஞ்சள் பசை என்று விற்கும் பாலிவினைல் அசிடேட் வகைகள் தொடர்ந்து பாரத்தில் இருந்தால் மெல்ல மெல்ல நகரும், சூடு பட்டால் இன்னும் அதிகம். யூரியா ஃபார்மால்டிஹைடு அப்படி எளிதில் நகர்வதில்லை. ஆனாலும் கலவை விகிதம் தவறினாலோ தூள் பழசானாலோ எந்தப் பசையும் கைவிடலாம்.

இதைத் தீர்க்க ஓர் எளிய வடிவியல் கணக்கு போதும். இரண்டு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி ஒரு வளைவு வந்தால், நழுவிய தூரம் முனையில்தான் அதிகபட்சம். அடுக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை, முனை திரும்பியிருக்கும் கோணத்தால் (ரேடியனில்) பெருக்கினால் அந்த நழுவல் கிடைக்கும். இந்த வில்லில் நடுக்கோட்டு இடைவெளி சுமார் 10 மில்லிமீட்டர். முனை 85 மில்லிமீட்டர் நகர்ந்திருப்பதை வைத்துப் பார்த்தால் கோணம் 0.1 முதல் 0.2 ரேடியன். ஆக, செட் முழுக்கப் பசையின் வேலையாக இருந்தால் முனைப் பக்கம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் படி விழுந்திருக்க வேண்டும். அது கண்ணுக்கே தெரியும் அளவு.

அதிர்ஷ்டவசமாக, டில்லரிங் செய்யும்போது அளவுக்காக வில்லின் பக்கவாட்டில் நண்பர் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பென்சில் கோடு போட்டிருந்தார். மூன்று அடுக்கையும் குறுக்காக வெட்டிச் செல்லும் கோடுகள். மேலே வார்னிஷ் பூசியதால் அழியாமல் இருந்தன. முனை வரை ஒரு கோடுகூட உடையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் படி இல்லை.

அப்புறம் முழங்கையை ஒட்டி ஒரு துண்டை அறுத்தெடுத்து, மூங்கில் மேப்பிள் இணைப்பில் உளியை வைத்துத் தட்டினோம். பிளவு பசைக்கோட்டில் ஓடாமல் மரத்துக்குள் இறங்கியது. பிரிந்த மூங்கில் பக்கத்தில் மேப்பிள் நார் ஒட்டிக்கொண்டு வந்தது. பசை மரத்தைவிடப் பலமாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுக்கு வில் கெட்டுப்போனாலே பசையைத் திட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. புதுப் பசை வாங்கி அதே வில்லை மறுபடி செய்து மறுபடி கெடுப்பவர்கள் உண்டு.

ஈரம்

அடுத்து மரத்தின் ஈரப்பதம். அறுத்த துண்டிலிருந்து ஆஷ் பகுதியை மட்டும் பிரித்து எடை போட்டோம்: 40.6 கிராம். 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேலும் குறையாத வரை காயவைத்த பிறகு 36.0 கிராம். போன தண்ணீர் 4.6 கிராம், காய்ந்த மரத்தின் எடையில் 12.8 சதவீதம். வில் வேலைக்கு 8 முதல் 9 சதவீதம் நல்லது. மேசை நாற்காலிக்கு 12.8 பெரிய குறையில்லை. வில்லுக்குக் குறைதான்.

ஏன் என்றால், ஈரம் மரத்தின் எல்லாப் பலத்தையும் ஒரே அளவில் தொடுவதில்லை. ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கும்போது, நார்ப் போக்கில் அமுக்கத்தைத் தாங்கும் பலம் சுமார் 35 சதவீதம் கூடுகிறது. அதே மாற்றத்தில் இழுவிசைப் பலம் கூடுவது 8 சதவீதம் அளவுக்குத்தான். முதுகுக்கு ஈரம் ஏறக்குறைய பொருட்டே இல்லை. வயிற்றுக்கு அதுதான் எல்லாம். காய்ந்த நல்ல மரத்திலேயே அமுக்கப் பலம் இழுவிசைப் பலத்தில் பாதி அளவுக்குத்தான் இருக்கும். ஏற்கெனவே இளைத்த பக்கத்தை ஈரம் மேலும் இளைக்க வைக்கிறது.

பலகை வாங்கும்போது காய்ந்துதான் இருந்தது என்றார் நண்பர். இருக்கலாம். ஆனால் தண்ணீரில் கரைத்துப் பூசும் பசை தன் பங்குக்கு ஈரத்தை மரத்துக்குள் விடும். மெல்லிய அடுக்குகளில் அது நன்றாகவே ஏறும். பசை இறுகியதும் அச்சிலிருந்து எடுத்து மறுநாளே இழைக்க ஆரம்பித்திருக்கிறார். பசை காய்வது வேறு, பசை விட்ட ஈரம் மரத்திலிருந்து வெளியேறுவது வேறு. இரண்டாவதற்கு நாள் கணக்கு இல்லை, வாரக் கணக்கு. ஈரப்பதமான பருவத்தில் வில்லைக் காற்றோட்டமில்லாத இடத்தில் வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

முழங்கை எப்படி வந்தது

வெர்னியர் வைத்து அளந்தோம். முழங்கை இருக்குமிடத்தில் அகலம் 30 மில்லிமீட்டர், தடிமன் 22. மேல் லிம்பில் அதே தூரத்தில் அகலம் அதேதான், தடிமன் 23. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிதா என்று தோன்றும். விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறும். 22-ஐ 23-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.875. அதாவது அந்த ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு விறைப்பு போய்விட்டது.

அதுவும் கீழ் லிம்பில். நீள்வில்லில் அம்பு கையின் மேல் உட்கார்ந்து புறப்படுவதால், பிடிக்கும் கையின் அழுத்தம் வில்லின் சரிபாதிக்குக் கீழே விழுகிறது. கீழ் லிம்புக்குத்தான் வேலை அதிகம். அதனால்தான் கீழ் லிம்பை ஒரு சொட்டு விறைப்பாக விடுவார்கள். நாண் பூட்டிய நிலையில் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒரே தூரத்தில் அளந்தால் கீழே சுமார் 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி வைப்பது வழக்கம். இங்கே தலைகீழ்.

டில்லரிங் சமயத்தில் எடுத்த படங்கள் அவரிடம் இருந்தன. வில்லைவிட நீளமான தற்காலிக நாணில் இழுத்த முதல் கட்டத்திலேயே முழங்கை தெரிகிறது. அவரும் கவனித்து, சுற்றிலும் சீவிச் சமன் செய்திருக்கிறார். இறுதிப் படங்களில் வளைவு ஓரளவு சீராகவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, முழங்கை இருக்கும்போதே, வில்லை 50 பவுண்டுக்கு மேல் இழுத்துப் பார்த்தாயிற்று. அந்த இடத்து நார்கள் அன்றைக்கே நெரிந்திருக்கும். பிறகு வடிவத்தைச் சரி செய்யலாம், நெரிந்த நாரைச் சரி செய்ய முடியாது.

நடுநிலை அச்சு

இப்போது மேல் லிம்பின் மங்கலான கோடுகளுக்கு வருவோம். முழங்கை இல்லாத இடத்திலும் வயிறு நெரிந்தது ஏன்? ஈரம் பாதி விடை. மீதிப் பாதி குறுக்கு வெட்டில் இருக்கிறது.

வளையும் எந்தத் தண்டிலும் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் குறுகும். நடுவே எங்கோ ஒரு கோடு நீளவும் செய்யாது குறுகவும் செய்யாது. அதுதான் நடுநிலை அச்சு. ஒரு நார் எவ்வளவு திரிபைச் சுமக்கிறது என்பது அந்த அச்சிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே மரத்தில் செய்த செவ்வகத் தண்டானால் அச்சு சரியாக நடுவில் இருக்கும். முதுகும் வயிறும் சம பங்கு சுமக்கும்.

வயிற்றை உருட்டி டி வடிவமாக்கினால், பொருளில் பெரும்பகுதி முதுகுப் பக்கம் குவிகிறது. அச்சும் முதுகை நோக்கி நகர்கிறது. அரை நீள்வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டால், 22 மில்லிமீட்டர் தடிமனில் அச்சு முதுகிலிருந்து 9.3 மில்லிமீட்டரிலும் வயிற்றிலிருந்து 12.7 மில்லிமீட்டரிலும் இருக்கும். வயிற்று நுனி முதுகைவிட 1.36 மடங்கு சுமக்கிறது. இத்தனைக்கும் இன்னும் மூங்கிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் ஆஷுக்குச் சுமார் 12 கிகாபாஸ்கல். மேப்பிளும் அதை ஒட்டித்தான். மூங்கிலின் தோல்பகுதி அதைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு என்று வைத்துக்கொண்டேன். முதுகில் 5 மில்லிமீட்டர் அப்படிப்பட்ட பட்டை வந்ததும் அச்சு இன்னும் மேலே ஏறி, முதுகிலிருந்து 8.5, வயிற்றிலிருந்து 13.5 என்று ஆகிறது. விகிதம் 1.6. முதுகில் உட்கார்ந்திருக்கும் மூங்கில், தன் தாங்கு சக்திக்கு மிகக் கீழே ஹாயாக வேலை செய்கிறது. அமுக்கத்துக்கு நல்ல பெயர் எடுக்காத ஆஷ், ஈரத்தோடு, அதைப்போல 1.6 மடங்கு திரிபை வாங்கிக்கொள்கிறது. நண்பர் பாதுகாப்புக்காக வைத்த பலம் முழுவதும் ஏற்கெனவே பத்திரமாக இருந்த பக்கத்துக்குத்தான் போயிருக்கிறது. கூலி கொடுத்தது வயிறு.

அசல் நீள்வில்லின் வயிறும் உருண்டைதானே, அது எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்கலாம். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு நீள்விற்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம். அந்த மரத்தில் வெளிக்கட்டை இழுவிசைக்கு நல்லது, வைரக்கட்டை அமுக்கத்தில் நிறையக் குறுகிக் கொடுத்தும் நெரியாமல் திரும்பி வருவது. இயற்கையே ஒட்டிக் கொடுத்த இரண்டு அடுக்கு. அதன் சிறப்பு முதுகில் இல்லை, அந்த வைர வயிற்றில். வேறு மரத்தில் அதே வடிவத்தைச் செதுக்கினால் வடிவம்தான் வரும், வயிறு வராது.

ஜப்பானியரின் யூமி வேறு வழியில் அதே பிரச்சினையைத் தீர்க்கிறது. 2.21 மீட்டர் நீளமுள்ள அந்த வில்லில் மூங்கில் முதுகிலும் உண்டு, வயிற்றிலும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே பொருள் என்பதால் அச்சு ஒரு பக்கம் ஓடிவிடுவதில்லை. நடுவே நெட்டுக்குத்தாக வைக்கும் மூங்கில் சலாகைகளைத் தீயில் வாட்டிக் கருக்குவார்கள். ஒட்டும்போது கிளாம்ப் கிடையாது. கயிற்றால் இறுக்கிச் சுற்றி, சுற்றுக்குள் ஆப்புகளை அடித்து அடித்தே அழுத்தமும் வளைவும் கொடுப்பது. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

மறுபடி, அதே பலகையில்

கணக்கு சரியா என்று பார்க்க ஒரே வழி, இன்னொரு வில். இபே மரத்துக்கு மாறிவிடலாம் என்று நண்பர் சொன்னார். இபே ஆஷைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு, அமுக்கத்துக்கும் அப்படியே. மூங்கில் முதுகுக்குப் பேர்போன ஜோடி. ஆனால் மரத்தை மாற்றி வில் நன்றாக வந்தால், எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமலே போய்விடும். அதே ஆஷ் பலகையின் மிச்சத்திலேயே செய்யலாம் என்று முடிவானது.

மாற்றியது மூன்று: ஈரம், குறுக்கு வெட்டு, டில்லரிங் ஒழுங்கு.

அடுக்குகளை அறுத்து இழைத்த பிறகு, ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு 40 டிகிரி வாக்கில் வைத்து, எடை நிலையாகும் வரை விட்டோம். ஆஷ் 8.5 சதவீதத்துக்கு வந்தது. மேலே சொன்ன விகிதப்படி பார்த்தால் வயிற்றின் அமுக்கப் பலம் இதிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். அதற்கும் கீழே உலர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எலும்பாகக் காய்ந்த மரம் திடீரென்று முறியும்.

மூங்கில் பட்டையின் உட்பக்கத்தை இழைப்புளியால் தட்டையாக்கி, நடுவில் 3 மில்லிமீட்டர் விட்டோம். தோல் பக்கம் கத்தி படவே கூடாது. கணுக்களை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தடவி, மேட்டை அப்படியே விட வேண்டும். கணுவைச் சமமாக்குகிறேன் என்று வெட்டினால் அங்கே நார் அறுபட்டு, முதுகு கிளம்பும் இடம் அதுவாகிவிடும்.

மூங்கிலை மெலிதாக்கியதே தீர்வு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய டி வடிவத்தை வைத்துக்கொண்டு மூங்கிலை மட்டும் 5-லிருந்து 3 ஆக்கினால் 1.6 என்ற விகிதம் 1.53-க்குத்தான் இறங்கும். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பெரிய மாற்றம் வடிவத்தில்தான் கிடைக்கிறது. புதிய வெட்டு: தடிமன் 20 மில்லிமீட்டர், வயிற்றுப் பக்க அகலம் 32, முதுகுப் பக்க அகலம் 24. வயிறு ஏறக்குறைய தட்டை, பக்கங்கள் முதுகை நோக்கிச் சரிந்து ஒடுங்குகின்றன. முதுகில் பொருளைக் குறைத்ததால் அச்சு நடுவுக்குத் திரும்புகிறது: முதுகிலிருந்து 9.9, வயிற்றிலிருந்து 10.1. விகிதம் 1.02. வயிற்று ஓரங்களை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டினால் 1.05 ஆகும், பரவாயில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், விறைப்பு. பழைய வெட்டுக்கும் புதிய வெட்டுக்கும் மொத்த விறைப்பைக் கணக்கிட்டால் வித்தியாசம் 3 சதவீதம்தான். அதாவது அதே பவுண்டு. ஆனால் அதே வளைவில் வயிற்று நார் சுமக்கும் திரிபு நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மரம் அதேதான், இழுவை எடை அதேதான். முதுகின் திரிபு சுமார் 17 சதவீதம் கூடியிருக்கிறது. மூங்கில் அதைச் சட்டை செய்யாது.

ஒரு விதி உறுத்தலாம். தடிமன் எந்த இடத்திலும் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்பது பிரிட்டிஷ் லாங்போ சொசைட்டியின் அளவுகோல். 20-க்கு 32 சரியாக எட்டில் ஐந்து. விளிம்பில் நிற்கிறது, ஆகவே ஓரிரு உரசல் அதிகமானால் தாண்டிவிடும். போட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் அகலத்தை 31 ஆக வைப்பது நிம்மதி.

ஒட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. அச்சில் 40 மில்லிமீட்டர் எதிர்வளைவு கொடுத்தோம், கழற்றியதும் 30 நின்றது. இது பசையின் குறையில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனியாக வளைக்கப்பட்டதால் தன் பழைய நேர்கோட்டுக்குத் திரும்ப முயலும். சம தடிமன் அடுக்குகள் மூன்று என்றால் ஒன்பதில் ஒரு பங்கு வளைவு போகும், இரண்டு என்றால் கால் பங்கு. இங்கே மூன்று அடுக்கு இருந்தாலும் வயிறு மட்டும் 12 மில்லிமீட்டர் தடியாக இருப்பதால் கால் பங்கு போயிற்று. வயிற்றை இரண்டு 6 மில்லிமீட்டர் அடுக்காகப் பிரித்திருந்தால் இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கும். ஒட்டிய பிறகு வில்லை மறுபடி அந்தப் பல்புப் பெட்டியில் வைத்து, எடை நின்ற பிறகுதான் அரத்தைத் தொட்டோம்.

டில்லரிங்கில் புதிதாக எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைத் தவறாமல் செய்தோம். இழுவை எடை எந்தக் கட்டத்திலும் இலக்கான 50 பவுண்டைத் தாண்டக் கூடாது. பாதி இழுப்பிலேயே 50 வந்துவிட்டால் அதோடு நிறுத்திச் சீவ வேண்டும், 'முழுசாக இழுத்தால் எப்படி இருக்கும்' என்ற ஆசை கூடாது. முழங்கை கண்ணில் பட்டால் அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களைச் சரி செய்யும் வரை மேலும் இழுக்கக் கூடாது. சீவிய ஒவ்வொரு முறையும் குறைந்த இழுப்பில் முப்பது தடவையாவது இழுத்து விட வேண்டும். சீவியதன் விளைவு அதற்குப் பிறகுதான் முழுசாகத் தெரியும்.

கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு கருவி வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு சாண் நீள மரக்கட்டை, ஒரு முகம் கச்சிதமாக நேராக இருக்க வேண்டும். நடுவே துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். வில்லை வளைத்து நிறுத்தி, வயிற்றில் கட்டையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நன்றாக வளையும் இடத்தில் கட்டையின் இரு முனைதான் தொடும், நடுவிலுள்ள பென்சில் எட்டாது. வளைவு குறைந்த இடத்தில் பென்சில் கோடு கிழிக்கும். கோடு விழுந்த இடத்தை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்ட வேண்டும். லிம்ப் முழுக்கக் கோடு விழுந்தால் அல்லது எங்குமே விழாவிட்டால் வளைவு சீராக இருக்கிறது. பழைய வில்லின் முழங்கையை இந்தக் கட்டை முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

முனைகளில் கொம்பு நாண்காது, டாக்ரான் நாண், நாண் பூட்டிய உயரம் 160 மில்லிமீட்டர். இவற்றில் சொல்ல விசேஷம் ஒன்றுமில்லை.

இப்போதைய நிலை

புதிய வில் 28 அங்குலத்துக்கு 50 பவுண்டு. பழைய வில் ஓய்ந்துபோன அதே அளவு காலம் எய்த பிறகும் 49 காட்டுகிறது. நாணைக் கழற்றியவுடன் 12 மில்லிமீட்டர் செட் தெரிகிறது; இரவு விட்டுக் காலையில் பார்த்தால் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. வயிற்றை ஸ்பிரிட்டில் துடைத்து, விளக்கைச் சாய்த்து இரண்டு லிம்பையும் பார்த்தாயிற்று, கோடு எதுவும் இல்லை. காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், குறுக்கு வெட்டும் ஈரமும் சேர்ந்து வயிற்றைப் பலவீனப்படுத்தின, டில்லரிங் முழங்கை அது எந்த இடத்தில் முதலில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது, பசைக்கு இதில் பங்கே இல்லை என்பேன். வடிவத்தையும் ஈரத்தையும் ஒரே வில்லில் மாற்றியதால், இரண்டில் எது எவ்வளவு என்று இந்த ஒரு சோதனையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கு வடிவத்தின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது.

புதிய வில்லில் ஒரு குறை உண்டு. அம்பு புறப்பட்டதும் கையில் ஒரு உதைப்பு. வயிற்றை அகலமாக்கியபோது அந்த அகலத்தை முனை வரை இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம். முனைகள் 14 மில்லிமீட்டர் அகலத்தில் கனமாக இருக்கின்றன. முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் மட்டும் உரசி 11-க்குக் கொண்டுவரப் போகிறார். அங்கே லிம்ப் அதிகம் வளைவதில்லை என்பதால் இழுவை எடை பெரிதாக இறங்காது, ஆனால் உரசிய பிறகு டில்லரிங்கை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.